தஸ்ஸோனி கொண்டுவந்த செய்தி

பலெர்மோவில் பள்ளிக்கூடம் போன எங்கள் பிள்ளைகள் பலருக்கு ஜுசெப்பே தொமாசி தி லாம்பெதூசாவின் ‘இல் கத்தோபார்தோ’ பாடப்புத்தகமாகத்தான் அறிமுகம். எல்லாம் மாறவேண்டும் என்ற அரசியல் வசனத்தைப் பரீட்சையில் எழுதிப் புள்ளி வாங்கியதும் மூடிவைத்துவிடுவார்கள். என் அக்காவின் மகளும் அப்படி மூடிவைத்தவள்தான். 2025இல் நெட்ஃப்ளிக்ஸ் தொடர் வந்தபிறகு மறுபடி எடுத்துக் கடைசி அத்தியாயம் வரை வாசித்துவிட்டு என்னிடம் வந்தாள். “ஏன் மாமா, அந்தக் கொன்செத்தா ஒருக்கா வாய் திறந்து கேட்டிருக்கலாமே?”

இது அரசியல் நாவல் என்று சொல்லிச் சொல்லியே இதற்குள் இருக்கும் காதல் கதையை விமர்சகர்கள் பின்வாசலுக்கு அனுப்பிவிட்டார்கள். எனக்கு அந்தப் பின்வாசல்தான் முக்கியம்.

1860, ஆகஸ்ட். சிசிலியப் பிரபு தொன் ஃபப்ரித்சியோவின் மகள் கொன்செத்தா, தந்தையின் சகோதரி மகன் தங்க்ரேதியை விரும்புகிறாள். நம்முடைய கணக்கில் சொந்த மச்சான். பலெர்மோச் சண்டையின்போது ஒரு கன்னியர் மடத்துக்குள் புகுந்த கதையை இரவு விருந்தில் அவன் இரட்டை அர்த்தத்தோடு சொல்கிறான். புதுப்பணக்கார மேயரின் மகள் ஆஞ்ஜெலிகா சிரிக்கிறாள், கொன்செத்தா சீறுகிறாள். அடுத்த நாள் குடும்பத்தோடு ஊர் மடத்துக்குப் போகும்போது தானும் உள்ளே வரவேண்டும் என்று தங்க்ரேதி கேட்க, குத்தலாக ஏதோ சொல்லி அவனை வெளியிலேயே நிறுத்திவிடுகிறாள். அவன் ஆஞ்ஜெலிகாவைக் கட்டுகிறான். கொன்செத்தா கடைசிவரை கல்யாணம் செய்யவில்லை.

ஐம்பது ஆண்டுகள் கழித்து, 1910இல், தங்க்ரேதியின் பழைய நண்பர் தஸ்ஸோனி பலெர்மோவில் அவள் வீட்டுக்கு வருகிறார். மடத்துக் கதை வெறும் புளுகு என்று தங்க்ரேதியே தன்னிடம் ஒப்புக்கொண்டதாகச் சொல்கிறார். கோபப்பட்ட கொன்செத்தா அந்தக் கணத்தில் அவ்வளவு அழகாக இருந்தாளாம், எல்லாருக்கும் முன்னால் கட்டியணைக்கத் தோன்றியதாம். கிழவர் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார். எழுபதை நெருங்கும் கொன்செத்தாவுக்கு அதுவரை குற்றம் சாட்ட ஆட்கள் இருந்தார்கள்: தந்தை, தங்க்ரேதி, அந்த மேயரின் மகள். அன்றைக்குப் பிறகு எஞ்சியது அவளுடைய வாய்த்துடுக்கு மட்டும்.

இங்கேதான் மருமகளோடு எனக்குத் தகராறு. நாவலைப் பின்னுக்குப் புரட்டினால், விருந்துக்கு முன்பே, குளித்து முடித்த பிரபுவிடம் பாதிரியார் பிர்ரோனே கொன்செத்தாவின் மனதைச் சொல்லிவிடுகிறார். பிரபுவின் மனம் உடனே கணக்குப் போடுகிறது. ஏழு பிள்ளைகளுக்குப் பிரிக்கவேண்டிய சொத்து. பதவி, அரசியல் என்று மேலே போக நினைக்கும் மருமகனுக்கு அந்தப் பங்கு போதாது. சீதனப் பேச்சை நேரில் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்தப் பக்கங்களுக்கு அடிக்குறிப்பு தேவைப்படாது. மேசையில் அவள் சிரித்திருந்தாலும் அந்தக் கூட்டல் கழித்தல் மாறியிருக்குமா?

“அது சரி, ஆனா கேட்டிருந்தா அவளுக்குத் தெரிஞ்சிருக்கும்தானே” என்றாள் மருமகள். அதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை.

லாம்பெதூசாவும் பதிலைக் கையில் தருவதில்லை. தஸ்ஸோனியின் பேச்சு கொன்செத்தாவை நொறுக்கிய அடுத்த பத்தியிலேயே, அது உண்மைதானா என்று கதைசொல்லி இடைமறிக்கிறார். அதே அத்தியாயத்தில் சகோதரிகள் பக்தியோடு சேர்த்துவைத்த புனிதர்களின் எச்சங்களைத் திருச்சபை சோதிக்கிறது. ஐந்து மட்டும் அசல், மீதி குப்பைக்கூடைக்கு. இதை மதக் கிண்டல் என்று வாசிப்பவர்கள் உண்டு. பக்கத்து அறையில் அவளுடைய கல்யாணச் சீலைகள் அரை நூற்றாண்டாகப் பெட்டிகளில் உக்கிக்கொண்டிருப்பதை அவர்கள் கவனிக்கவில்லை போலும். எலும்புத் துண்டை அசலா போலியா என்று பார்த்துச் சொல்ல ஒரு பாதிரியார் வருகிறார். தஸ்ஸோனி கொண்டுவந்ததைச் சோதிக்க யாரும் இல்லை.

அந்தச் செய்தி என்ன செய்யும் என்று எனக்குக் கொஞ்சம் தெரியும். நான் வெளிநாட்டில் முதுகலை படித்து இருபது ஆண்டுகள் கழித்து, ஒரு கல்யாண மண்டபத்தில் பழைய நண்பன், “அவளுக்கு அப்ப உன்னில சரியான விருப்பம், தெரியாதோ?” என்றான். சிரித்துவிட்டுச் சாப்பிடப் போனேன். அன்றிரவு முழுக்க, நூலக வாசலில் நின்று கதைத்த பத்து நிமிடங்களைத் திரும்பத் திரும்ப ஓட்டினேன். அதுவரை அந்தப் பத்து நிமிடங்களில் எதுவுமே இருந்ததில்லை. நண்பன் சொன்னது சரிதானா என்று இன்றுவரை நான் விசாரிக்கவில்லை.

லாம்பெதூசா கேட்காமல் செய்தவர். 1932இல் பெற்றோருக்கு முன்கூட்டிச் சொல்லாமல், லாத்வியாவின் ரீகாவில் உளப்பகுப்பாய்வாளரான லிசியைக் கல்யாணம் செய்தார். பிறகு பலெர்மோ வீட்டில் மாமியாரும் மருமகளும் ஒத்துப்போகவில்லை. லிசி லாத்வியாவுக்குத் திரும்ப, போர்க்காலம் வரை அந்த மணவாழ்க்கையின் பெரும்பகுதி கடிதங்களிலேயே நடந்தது. துணிந்து தெரிவு செய்தவனுக்கும் மிச்சக் கணக்கு உண்டு என்று தெரிந்த ஒருவர்தான் கொன்செத்தாவை எழுதினார். 1957இல் இறந்தார், அடுத்த ஆண்டுதான் நாவல் அச்சில் வந்தது.

விஸ்கோந்தியின் 1963 திரைப்படம் இதில் எனக்கு உதவவில்லை. பலெர்மோவின் கஞ்ஜி மாளிகையில் எடுத்த அந்த நடன விருந்தை எத்தனை தடவையும் பார்க்கலாம். ஆனால் படம் அந்த விருந்தோடு முடிகிறது, 1910 வருவதேயில்லை. படத்தை மட்டும் பார்த்தவருக்கு இது ஆஞ்ஜெலிகாவின் கதை.

இவ்வளவையும் மருமகளிடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சொல்லி முடித்தேன். பொறுமையாகக் கேட்டாள்.

“அப்ப மாமா, அந்தத் தஸ்ஸோனியைத்தான் வீட்டுக்குள்ள விட்டிருக்கக்கூடாது” என்றாள்.