ஆடத் தரை வேண்டும்

மார்கழி நெருங்கினால் சென்னை நாளிதழ்களில் சபாக்களின் நிகழ்ச்சி நிரல் பத்தி பத்தியாக வரத் தொடங்கும். பரதநாட்டியத்துக்கு அதில் குறைவே இருக்காது. நவீன நடனத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். பாலே அநேகமாகக் கண்ணிலேயே படாது. இவை நமக்கு அந்நியம், அதனால்தான் இப்படி என்பார்கள். ஆனால் பரதத்தைச் சபா மேடைக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவரான ருக்மிணி தேவி, பரதத்தின் பழைய வடிவமான சதிரைக் கற்பதற்கு முன் பாலே கற்றவர். ரஷ்ய பாலே கலைஞர் அன்னா பாவ்லோவாவின் குழுவிலிருந்த கிளியோ நார்டிதான் ஆசிரியை. சொந்த நாட்டுக் கலையின் பக்கம் அவரைத் திருப்பிவிட்டவரும் பாவ்லோவாதான். ருக்மிணி தேவி 1936இல் தொடங்கிய கலாக்ஷேத்திரத்தின் கதையிலேயே பாலே இருக்கிறது. ஆகவே அந்நியம் என்ற வாதம் நிற்காது. இந்த நடனங்களுக்கு இங்கே இல்லாமல் போனது தரை என்றே நான் நினைக்கிறேன்.

நவீன நடனக் கலைஞர் சந்திரலேகாவை எடுத்துக்கொள்வோம். காஞ்சிபுரம் எல்லப்பப் பிள்ளையிடம் பரதம் பயின்றவர். 1985இல் 'அங்கிகா'வில் பரதத்தோடு களரியையும் யோகத்தையும் சேர்த்தார். தெய்வக் கதைகளை விட்டுவிட்டு உடலையே பொருளாக்கினார். 2001இல் வந்த 'சரீரா'வில் ஒரு பெண், ஓர் ஆண், கூடவே துருபத் இசை, அவ்வளவுதான். படுத்திருக்கும் உடலிலிருந்து ஒரு கால் மேலெழும். எந்த நொடியில் தரையை விட்டது என்று சொல்ல முடியாது. அந்த நிதானத்தைத் தாங்கும் தொடைத் தசையின் இறுக்கம்தான் அங்கே அபிநயம். சபாவின் பதினைந்தாவது வரிசையிலிருந்து இது தெரியாது. ஒரு நிகழ்ச்சி முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள் கிடைக்கும் சொற்ப நேரத்தில் இதற்கு ஒளியமைக்கவும் முடியாது. பாலேயின் சிக்கல் இன்னும் நேரடியானது: குதித்து இறங்குபவருக்குத் தரை சற்றே வளைந்து கொடுக்க வேண்டும். பரதத்தின் தட்டடவு கெட்டித் தரையையும் ஏற்றுக்கொள்ளும். பாலேக்காரரின் முழங்கால் ஏற்காது.

இடம் கிடைத்தபோது என்ன நடந்தது? பெசன்ட் நகர் கடற்கரைக்கு அருகே சந்திரலேகா உருவாக்கிய 'ஸ்பேசஸ்' வளாகம் ஒரு தலைமுறைக்கே பயிற்சிக்களமாயிற்று. 1991 முதல் 2001 வரை அவரிடம் ஆடிய பத்மினி செட்டூர், பிறகு தமக்கென ஒரு மொழியைக் கண்டெடுத்தார். ப்ரீத்தி ஆத்ரேயா, குதித்தல் ஒன்றை மட்டுமே வைத்து ஒரு முழுப் படைப்பைச் செய்தார். இருவரும் மற்ற கலைஞர்களோடு சேர்ந்து 'பேஸ்மென்ட் 21' குழுவைத் தொடங்கினார்கள். சபா வட்டத்துக்கு வெளியே 1998இல் தொடங்கிய 'தி அதர் ஃபெஸ்டிவல்' இப்படிப்பட்ட படைப்புகளுக்குச் சில ஆண்டுகள் மேடை தந்தது. இவற்றில் எதுவும் சபாவின் கொடையல்ல.

பார்வையாளர்கள் எத்தனை பேர் வருவார்கள் என்று சபாச் செயலர்கள் கேட்பது நியாயமான கேள்விதான். வாடகையும் மின்கட்டணமும் அவர்கள் தலையில்தான் விழுகின்றன. ஆனால் 1930களில் சதிருக்கு என்ன கூட்டம் இருந்தது? மியூசிக் அகாடமி 1931இல் சதிர்க் கலைஞர்களான கல்யாணி மகள்களை மேடையேற்றியபோது ஊர் திரண்டு வரவில்லை. எதிர்ப்புக்கு நடுவிலும் மறுபடி மறுபடி மேடை கொடுத்தார்கள். ரசிகர்கள் பிறகுதான் வந்தார்கள். அந்தப் பொறுமையில் கொஞ்சம் நவீன நடனத்துக்கும் வேண்டும். பெரிய அரங்கு கூட வேண்டாம். நூறு பேர் தரையைச் சுற்றி உட்காரக்கூடிய ஒரு கூடம், மரத்தளம், ஒளியமைக்க முழுதாக இரண்டு நாள்: மார்கழிக்குச் செலவாகும் பணத்தில் இது ஒரு மூலைக்குக் கூட வராது.