எந்தச் சுற்றில் நிறுத்துவது?

எலெக்ட்ரிக் கிடாரின் தந்திகளுக்கு அடியில் விரல் நீளத்துக்கு ஒரு பொருள் பதிந்திருக்கும். அதுதான் பிக்கப். ஆறு காந்தத் தண்டுகள், அவற்றைச் சுற்றிச் செம்புக் கம்பி, அவ்வளவே உறுப்புகள். எஃகுத் தந்தி அதிரும்போது காந்தப்புலம் அசைகிறது. அந்த அசைவு கம்பியில் மின்னழுத்தமாகி ஆம்பிளிஃபயருக்குப் போகிறது. மின்விசிறி மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவர் கையாளும் அதே எனாமல் பூசிய கம்பிதான், ஆனால் தலைமுடி போல மெல்லியது. பரவலாகப் பயன்படும் 42ஆம் கேஜ் கம்பியின் விட்டம் சுமார் 0.063 மில்லிமீட்டர். ஸ்ட்ராட்டோகாஸ்டர் வகைப் பிக்கப்பில் அதை ஏறக்குறைய 8,000 முறை சுற்றுகிறார்கள். பிரித்து நீட்டினால் ஒரு கிலோமீட்டரைத் தாண்டும். இதை வீட்டு மேசையில் வைத்துச் செய்கிறவர்களின் வேலையை, 'கையால் சுற்றியது' என்ற ஒரே சொல்லால் புகழ்ந்துவிடுகிறோம். அந்தப் புகழ் இடம் மாறி விழுகிறது என்பது என் எண்ணம். இந்தக் கலையில் கைக்கு மேலே ஒரு காது இருக்கிறது. எந்தச் சுற்றில் நிறுத்துவது என்று முடிவு செய்யும் அந்தக் காதைத்தான் நாம் மெச்ச வேண்டும்.

கையின் பங்கு சிறியது என்று சொல்லவில்லை. கம்பி ஏறும் சட்டமான பாபினைச் சிறு மோட்டார் சுழற்ற, கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் இடையே கம்பி வழுக்கிச் செல்கிறது. கொஞ்சம் இறுக்கிப் பிடித்தால் ஆறாயிரமாவது சுற்றில்கூட அறுந்துவிடும். அறாவிட்டாலும் இழுபட்டு மெலிந்து, மின்தடை ஏறிவிடும். தளர விட்டால் காயில் பஞ்சு போல நெகிழ்ந்து நிற்கும். பிறகு பாரஃபின் மெழுகில் கொஞ்சம் தேன்மெழுகு கலந்து, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து உருக்கி, அதில் காயிலை மூழ்கடிக்கிறார்கள். கம்பிகளுக்கிடையே அடைபட்ட காற்று சின்னச் சின்னக் குமிழிகளாக மேலே வரும். குமிழி நிற்கும்வரை பொறுக்க வேண்டும். மெழுகு புகாத இடத்தில் கம்பி தானாக அதிரும். ஆம்பிளிஃபயரை உரக்க வைத்ததும் பிக்கப் ஊளையிடும்.

கைச்சுற்றை உயர்த்திப் பேசுகிறவர்களிடம் இயற்பியல் சார்ந்த வாதம் ஒன்று உண்டு. கை செலுத்தும் கம்பி வரிசையாக அடுக்கப்படாமல் குறுக்கும் நெடுக்குமாகப் படிகிறது. அதனால் அடுக்குகளுக்கிடையே மின்தேக்கத் திறன், அதாவது கெப்பாசிட்டன்ஸ், குறைந்து, உச்ச ஒலிகள் திறந்து கேட்கின்றன. 1956இல் ஃபெண்டர் கிடார் நிறுவனத்தில் சேர்ந்து, கையால் கம்பியைச் செலுத்திச் சுற்றிய அபிகெய்ல் இபாராவின் பிக்கப்புகளை இன்றும் தேடுகிறார்கள். ஆனால் இந்த வாதத்துக்கு வலுவான மறுப்பு இருக்கிறது. கிடாரிலிருந்து ஆம்பிளிஃபயருக்குப் போகும் சில மீட்டர் கேபிளே சில நூறு பிக்கோஃபாரட் கெப்பாசிட்டன்ஸைச் சேர்க்கிறது. காயிலின் சொந்தக் கெப்பாசிட்டன்ஸ் பெரும்பாலும் அதைவிடக் குறைவு, கைச்சுற்று தரும் வித்தியாசமோ அதிலும் ஒரு பகுதிதான். இன்னொரு சான்றும் கைக்கு எதிராக நிற்கிறது. கிப்சன் கிடார் நிறுவனத்தில் செத் லவர் வடிவமைத்து, 1955இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த ஹம்பக்கர்தான் பழைய பிக்கப்புகளில் மிகவும் போற்றப்படுவது. அது இயந்திரத்தில் சுற்றப்பட்டது. பாபின் நிறைந்தது போலத் தெரிந்தபோது நிறுத்தினார்கள். கையிருப்பில் இருந்த அல்னிகோ காந்தத்தைப் போட்டார்கள். அதனால் ஒன்று இனிமையாகவும் மற்றொன்று முரட்டுத்தனமாகவும் அமைந்தது.

இந்த மறுப்பை நான் ஏற்கிறேன். ஏற்றால்தான் உண்மையான சிறப்பு கண்ணில் படுகிறது. கிப்சனில் தற்செயலாக நேர்ந்த வேறுபாட்டை வீட்டில் சுற்றுகிறவர் தெரிந்தே உண்டாக்குகிறார். சுற்று கூடினால் மின்தூண்டல் திறனான இண்டக்டன்ஸ் ஏறும், ஒத்ததிர்வு கீழே இறங்கும், ஒலி தடிக்கும். குறைத்தால் ஒலி கூர்மையாகும். கேபிளையும் சேர்த்துக் கணக்கிட்டால் அந்த ஒத்ததிர்வு பெரும்பாலும் 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸுக்குள் விழுகிறது. மனிதக் காது மிக நுட்பமாகக் கேட்பதும் அங்கேதான். ஆகவே ஐந்நூறு சுற்று கூடக் குறைய இருப்பது காதுக்கு எட்டும். தந்தியின் முனையைத் தாங்கும் பிரிட்ஜுக்கு அருகே அது குறைவாக அசைவதால் அங்கே சுற்று கூடுதல் வேண்டும். காந்தத்திலும் தேர்வு உண்டு: அல்னிகோ 5 தந்தியை வலுவாகப் பிடிக்கும், அல்னிகோ 2 மென்மையானது. ஆயிரம் கிடார்களுக்குப் பொதுவாக ஓர் அளவைத் தொழிற்சாலை வைத்தாக வேண்டும். வீட்டுக்காரருக்கு முன்னால் இருப்பது ஒரே கிடார், ஒரே வாசிப்பாளர்.

ராக் கிடார் கலைஞர் பிரையன் மேயின் கதையை இதற்கு எதிராகக் காட்டுவார்கள். 1963இல் தந்தையோடு சேர்ந்து கிடார் செய்யத் தொடங்கிய அவர், பிக்கப்பையும் தானே சுற்றினார். காந்த முனைகள் வடக்கு, தெற்கு என்று மாறி மாறி அமைந்திருந்ததால் அதன் ஒலி அவருக்குப் பிடிக்கவில்லை. கடைசியில் பர்ன்ஸ் ட்ரை-சோனிக் பிக்கப்புகளை வாங்கிப் பொருத்தினார். கடைச்சரக்கே மேல் என்பதற்கு இது சான்றா? வாங்கியதை அவர் அப்படியே விடவில்லை. ஊளையிடாமல் இருக்க அரால்டைட் பசை ஊற்றி இறுக்கினார். ஒருமுறை சுற்றிப் பார்த்தவருக்குத்தான் பிக்கப்பின் எந்தக் குறை எங்கே பிறக்கிறது என்று தெரியும். சுற்றிய பிக்கப் தோற்றது. சுற்றியதால் வந்த அறிவு அந்தக் கிடாரில் தங்கிவிட்டது.

அதனால்தான் தேர்ந்தவர்கள் மெழுகுக்கு அவசரப்படுவதில்லை. மெழுகேறாத காயிலைக் கிடாரில் தற்காலிகமாகப் பொருத்தி வாசித்துக் கேட்கிறார்கள்; தடித்துக் கேட்டால் கழற்றி இருநூறு சுற்றைப் பிரிக்கிறார்கள், மீண்டும் கேட்கிறார்கள். மல்டிமீட்டர் காட்டும் ஓம் கணக்கு அப்போது துணைக்கு மட்டும்தான். ஒலி அமைந்துவிட்டது என்று காது சொன்ன பிறகே அடுப்பில் வெந்நீர் ஏறுகிறது.