பரிசலில் ஒரு திசைகாட்டி

காவிரி வழக்கின் சம்பந்தமாக மேகேதாட்டு என்ற பெயரைப் பத்திரிகைகளில் ஓயாமல் வாசித்துவரும் தமிழர்களில், பெங்களூரிலேயே பல்லாண்டுகளாக வசிப்பவர்கள் உட்பட, அந்த ஸ்தலத்தை நேரில் கண்டவர்கள் சிலரே. கனகபுரம் வழியாகத் தெற்கே 100 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவாகப் பிரயாணம் செய்து, அர்க்காவதி நதி காவிரியோடு கலக்கும் சங்கமத்தை அடைந்து, சாலை தண்ணீரில் முடிந்துபோகும் அந்த இடத்தில் பரிசல் ஏறி அக்கரை சேர்ந்த பிறகுதான், பாறைகளைக் குடைந்துகொண்டு நதி ஒடுங்கிப் பாயும் இடுக்கை நோக்கி மேலும் நாலைந்து கிலோமீட்டர் செல்ல முடியும். கோடையில் நீர் வற்றினால் நடந்தே கடப்பவர்களும் உண்டு. ஆனால் நீர் நிறைந்திருக்கும் நாட்களில் பரிசலைத் தவிர வேறு மார்க்கம் இல்லை. கையடக்கமான ஜிபிஎஸ் கருவி ஒன்றின் யோக்கியதையைச் சோதிக்க இதைவிடத் தகுந்த இடம் பெங்களூருக்கு அருகே இல்லை என்பது என் அபிப்பிராயம்.

ஜியோகேச்சிங் என்னும் ஆட்டத்தைப் பற்றி அறியாதவர்களுக்கு அதன் பூர்வோத்தரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ராணுவப் பாதுகாப்பைக் கருதி, பொதுமக்களின் ஜிபிஎஸ் கருவிகளுக்குக் கிடைக்கும் சமிக்ஞையில் வேண்டுமென்றே புகுத்தப்பட்டுவந்த பிழையை நீக்கிவிடும்படி அமெரிக்க ஜனாதிபதி கிளின்டன் 2000-ஆம் ஆண்டு மே 1-ஆம் தேதி உத்தரவிட்டார். அதுவரை 100 மீட்டர் அளவுக்குத் தவறிக்கொண்டிருந்த கணக்கு ஒரே இரவில் பன்மடங்கு துல்லியம் பெற்றது. மே 3-ஆம் தேதி ஆரிகன் மாகாணத்தின் பீவர்கிரீக் அருகே டேவ் உல்மர் என்பவர், ஒரு கறுப்பு பிளாஸ்டிக் வாளியில் சில பொருள்களையும் ஒரு குறிப்பேட்டையும் வைத்துக் காட்டில் மறைத்து, அந்த இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகைகளை இணையத்தில் வெளியிட்டார். கண்டுபிடிப்பவர் ஒரு பொருளை எடுத்துக்கொண்டு வேறொன்றை வைக்க வேண்டும், ஏட்டில் பெயரெழுத வேண்டும் என்ற இரண்டு விதிகளோடு தொடங்கிய அந்த விளையாட்டு இன்று உலகமெங்கும் பரவியிருக்கிறது. ஒவ்வொரு பெட்டிக்கும் வழியின் கடினத்தை 1 முதல் 5 வரை மதிப்பிடுகிறார்கள். படகோ கயிறோ இன்றி அடைய முடியாத இடங்களுக்கே 5 என்ற மதிப்பு உரியது.

சங்கமத்தைச் சுற்றியுள்ள வனப் பிரதேசம் 1987-இல் காவிரி வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. யானைகள் நீர் அருந்த இறங்கும் அத்தகைய இடத்தில் பிளாஸ்டிக் டப்பாவை ஒளித்துவைப்பதை நான் ஒருபோதும் ஆதரிக்கமாட்டேன், வனத்துறையும் அனுமதிக்காது. அதற்கு அவசியமும் இல்லை. அமெரிக்க நிலவியல் சங்கத்தின் ஒத்துழைப்போடு 2004-இல் தோன்றிய எர்த்கேச் என்ற வகையில் பெட்டியே கிடையாது; குறித்த இடத்தை அடைந்து, அங்குள்ள பாறையையும் மண்ணையும் உற்றுநோக்கிச் சில வினாக்களுக்கு விடையளித்தால் போதும். கூழாங்கற்கள் சுழன்று சுழன்று கடினமான பாறையில் வட்டமான குழிகளைக் குடைந்திருக்கும் மேகேதாட்டுப் பகுதி, அந்த முறைக்கென்றே இயற்கை ஆயத்தம் செய்து வைத்த ஸ்தலம் போன்றது. ஆகவே, முன்னரே அங்கு சென்றுவந்த நண்பர் ஒருவர் அக்கரையில் ஒரு பாறையைத் தேர்ந்து, அதன் எண்களை மட்டும் எனக்குத் தர, அதைக் கண்டுபிடிப்பதையே பரீட்சையாக வைத்துக்கொண்டோம்.

பரீட்சைக்கு எடுத்துச் சென்றவை கார்மின் நிறுவனத்தின் இட்ரெக்ஸ் 22எக்ஸ், 32எக்ஸ் என்னும் இரண்டு கருவிகள். இரண்டும் 2019-இல் வெளிவந்தவை. உருவத்தில் இரட்டைப் பிள்ளைகள். 2.2 அங்குல வண்ணத்திரை, இரண்டு ஏஏ பேட்டரிகளில் சுமார் 25 மணி நேர உழைப்பு, ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் கெடாத உடல் ஆகியவை இரண்டுக்கும் பொது. 32எக்ஸில் மட்டும் மூன்று அச்சுகளில் இயங்கும் காந்தத் திசைகாட்டியும், காற்றழுத்தத்தால் உயரத்தைக் கணிக்கும் உறுப்பும் அதிகமாக உள்ளன. கடைக்காரரிடம் விசாரித்தால் இந்த வித்தியாசத்தை மலையேறுபவர்களுக்கான ஆடம்பரமாகவே வர்ணிப்பார். தரையில் நடப்பவனுக்கு அது ஓரளவு உண்மையும்கூட.

திசைகாட்டி இல்லாத கருவி திசையை எவ்வாறு அறிகிறது? ஒரு கணம் முன்பு தான் இருந்த இடத்தையும் இப்போது இருக்கும் இடத்தையும் ஒப்பிட்டு, இன்ன திக்கில் நகர்கிறோம் என்று கணக்கிட்டு, தன் தலைப்பகுதி அந்தத் திக்கை நோக்கியே பிடிக்கப்பட்டிருக்கிறது என்ற அனுமானத்தின்பேரில் அம்பை வரைகிறது. சாலையில் நடக்கும்போது இந்த அனுமானம் பழுதுபடுவதில்லை. பரிசலோ மூங்கில் பிளாச்சுகளைக் கூடைபோல் பின்னி, முற்காலத்தில் தோலும் இக்காலத்தில் பிளாஸ்டிக் சாக்கும் போர்த்தித் தார் பூசிய வட்டமான கலம். அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. பரிசல்காரர் அதைக் கரையோரமாக நீரோட்டத்துக்கு எதிரே சிறிது தூரம் இழுத்துச் சென்று, ஒற்றைத் துடுப்பால் வலித்து, வெள்ளம் கீழே தள்ளும் தூரத்தையும் கணக்கிட்டு, இறங்கவேண்டிய துறையில் கொண்டுபோய் நிறுத்துகிறார். இந்த யாத்திரை முழுவதும் பரிசல் மெல்லச் சுழன்றுகொண்டே இருக்கிறது. உட்கார்ந்திருப்பவனும் அதோடு சுழல்கிறான். 22எக்ஸின் அம்பு, நான் சுழன்ற அளவுக்குத் தானும் சுழன்று, சற்று முன் பாறையைக் காட்டிய அதே கை அசையாதிருக்க, நாங்கள் புறப்பட்ட கரையைக் காட்டியது; நடு ஆற்றில் பரிசல் ஏறக்குறைய நின்றபோதோ எதையும் காட்டாமல் தடுமாறியது. தூரத்தைச் சொல்லும் எண் மட்டும் கடைசிவரை பிசகவில்லை. 32எக்ஸின் அம்போ, பரிசல் எத்தனை முறை திரும்பினாலும், என் மடியின்மீது தான் எதிர்த்திசையில் திரும்பிக்கொண்டு, அக்கரைப் பாறையையே பிடிவாதமாகச் சுட்டி நின்றது. அந்தக் காட்சியைக் கண்டு பரிசல்காரரே துடுப்பைச் சற்று நிறுத்தி எட்டிப் பார்த்தார்.

இந்த வெற்றிக்குப் பரிசலும் ஒரு காரணம். மூங்கிலும் தாரும் காந்தத்தைச் சலனப்படுத்துவதில்லை. இரும்பு உடலும் எஞ்சினும் கொண்ட இயந்திரப் படகில் இதே கருவி பல பாகைகள் விலகக்கூடும். காந்தம் பொதிந்த கைபேசியையும் அதன் பக்கத்தில் வைக்கக் கூடாது. பேட்டரி மாற்றும்போதெல்லாம் திசைகாட்டியை மூன்று அச்சுகளிலும் சுழற்றிச் சீர்செய்துகொள்வது அவசியம். அதைக் கரையிலேயே செய்துவிட வேண்டும். நான் மிகவும் மெச்சிய இன்னொரு வசதி, கருவியைத் துப்பாக்கிபோல் நீட்டி எதிர்க்கரையிலுள்ள ஒரு பொருளைக் குறிபார்த்து, அந்தத் திக்கை அப்படியே நிலைநிறுத்திக்கொள்வது. அக்கரையின் துறை எங்கே இருக்கிறது என்பதைப் பரிசலில் ஏறுமுன்பே நிச்சயித்துக்கொள்ள அது உதவியது.

கரை சேர்ந்த பின் இரண்டுக்கும் பேதம் சுருங்கிவிடுகிறது. இந்த ஆட்டத்தில் எண்களை டிகிரியாகவும், நிமிஷத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு வரையிலும் எழுதுவது வழக்கம். நம் அட்சரேகையில் அந்த ஒரு பங்கு வடக்குத் தெற்காகச் சுமார் 1.85 மீட்டர், கிழக்கு மேற்காகச் சுமார் 1.8 மீட்டர். திறந்த வானத்தின்கீழ் இரண்டு கருவிகளும் சில மீட்டர்களுக்குள் வழிகாட்டின. பாறைச் சுவர்கள் உயர்ந்து வானம் குறுகிய இடத்தில் சமிக்ஞை சுவர்களில் மோதித் திரும்புவதால் கணக்கு இன்னும் கொஞ்சம் அலைந்தது. அத்தகைய இடத்தில் கருவியைப் பையில் போட்டுவிட்டுக் கண்ணால் தேடுவதே உசிதம்.

கைபேசியிலும் திசைகாட்டி இருக்கிறதே, பின் இது எதற்கு என்று வாசகர் கேட்பது நியாயமே. பெங்களூர் நகருக்குள் லால்பாக்கிலோ கப்பன் பூங்காவிலோ தேடுகிறவருக்குக் கைபேசியே போதுமானது. தனிக்கருவி வாங்கும்படி அவருக்கு நான் சிபாரிசு செய்யமாட்டேன். சங்கமத்திலோ தொலைபேசிச் சமிக்ஞை நம்பத்தக்கதாக இல்லை. நீர்த்துளி படிந்த தொடுதிரை விரலுக்குக் கட்டுப்பட மறுக்கிறது. உச்சி வெயிலில் அதன் ஒளி மங்குகிறது. இட்ரெக்ஸின் திரை வெயில் ஏற ஏறத் தெளிவடைகிறது. பொத்தான்களும் சிறு குச்சியும் நனைந்த கைக்கும் பணிகின்றன. அந்தக் குச்சியால் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டுவது பொறுமையைச் சோதிக்கும் காரியம் என்பதையும், கம்பி இணைப்புக்கு இன்னமும் பழைய மினி யுஎஸ்பி துளையே இருப்பதையும் குறைகளாகக் குறிக்கிறேன். இவற்றினும் எனக்கு மனக்குறை தருவது ஒன்று உண்டு. பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட இஸ்ரோ 2013 முதல் விண்ணில் நிறுவிய நேவிக் செயற்கைக்கோள்களின் சமிக்ஞையை இவ்விரண்டு கருவிகளும் பெறுவதில்லை. அமெரிக்க, ரஷ்யக் கோள்களையே நம்பியிருக்கின்றன. நேவிக் கோள்களின் வழிநடத்தல் நிலையமோ சங்கமத்துக்குப் புறப்படும் அதே நகரத்தின் புறத்தே, பியாலாலுவில்தான் இருக்கிறது.

வாங்க முற்படுவோருக்கு ஓர் எச்சரிக்கை. இதே நிறுவனத்தார் செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பும் கருவிகளையும் விற்கிறார்கள். உரிமம் இன்றி அவற்றை நம் நாட்டில் வைத்திருப்பது குற்றம். வெளிநாட்டிலிருந்து வரும் உறவினரிடம் சொல்லி அனுப்பும்போது, சமிக்ஞையைப் பெற மட்டுமே செய்யும் கருவிதானா என்று பார்த்து வாங்கச் சொல்லுங்கள்.

நீரைக் கடக்கும் உத்தேசம் உள்ளவர்கள் கூடுதல் விலை கொடுத்தாயினும் 32எக்ஸையே வாங்க வேண்டும். நடைக்கு மட்டும் என்றால் 22எக்ஸ் தாராளமாகப் போதும். இரண்டுமே தண்ணீரில் மிதப்பவை அல்ல என்பதால், ஒரு கயிற்றால் உயிர்காப்பு அங்கியோடு பிணைத்துக்கொள்ளுங்கள். முதலைகள் வாழும் நதியில் விழுந்த பொருளுக்காக ஒருவரும் கை நீட்டக் கூடாது. தென்மேற்குப் பருவத்தில் கபினி, கிருஷ்ணராஜசாகரம் அணைகள் திறக்கப்பட்டு வெள்ளம் பெருகும்போது பரிசல்கள் நிறுத்தப்படுகின்றன. மழை ஓய்ந்து, நீர் தணிந்தும் வற்றாமலும் இருக்கும் டிசம்பர், ஜனவரி மாதங்களில் போவதே உத்தமம்.