முட்டைக்கு ஈடு வாழைப்பழமா?

சமன்பாட்டின் இருபுறமும் அலகு ஒன்றாக இருக்க வேண்டும். இயற்பியல் வகுப்பில் நான் முதலில் சொல்லிக் கொடுக்கும் பாடம் இது. வாசகர்களே, இந்தப் பாடத்தைச் சத்துணவுத் தட்டின் மீது வைத்துப் பார்ப்போமா?

தமிழகத்தில் 1982-இல் தொடங்கிய சத்துணவுத் திட்டத்தில் 1989-இல் முட்டை சேர்ந்தது. முதலில் இரு வாரங்களுக்கு ஒன்று. 2010 முதல் வாரத்திற்கு ஐந்து. இறைச்சி இல்லாத அந்தத் தட்டில் இறைச்சியின் வேலையைச் செய்வது முட்டைதான். இது பாராட்டத்தக்க சாதனையே. ஆனால், முட்டை உண்ணாத குழந்தைக்கு வாழைப்பழம் என்கிறார்களே, அங்கேதான் கணக்கு இடிக்கிறது.

ஒரு முட்டையில் ஏறத்தாழ 6 கிராம் புரதம் உண்டு. 100 கிராம் வாழைப்பழத்தில் இருப்பதோ ஏறத்தாழ 1 கிராம். எண்ணிக்கையில் ஒன்றுக்கு ஒன்று. புரதத்தில் ஆறில் ஒரு பங்கு! ஐந்து நாட்களில் ஒரு குழந்தைக்கு 30 கிராம் கிடைக்க, அருகில் அமர்ந்து உண்ணும் குழந்தைக்கு 5 கிராம்தான் கிடைக்கிறது. தொடக்கப்பள்ளி மாணவரின் மதிய உணவில் 12 கிராம் புரதம் வேண்டும் என்பது தேசிய அளவுகோல். அதனோடு ஒப்பிட்டால் நாளொன்றுக்கு 5 கிராம் இழப்பு சிறியதன்று.

வாழைப்பழத்தை நான் பழிக்கவில்லை. அதில் மாவுச்சத்தும் பொட்டாசியமும் உண்டு. சமைக்கவும் வேண்டாம், உரித்தால் போதும். ஆனால் அதன் வேலை வேறு, முட்டையின் வேலை வேறு.

"சோயாவில் 100 கிராமுக்கு 43 கிராம் புரதம், முட்டையில் 13 தான்" என்று அட்டவணையைக் காட்டுவோரும் உண்டு. இங்கும் அலகுப் பிழையே! முன்னது உலர்ந்த விதையின் கணக்கு. முட்டையிலோ முக்கால் பங்கு நீர். சோயாவை ஊறவைத்து வேகவைத்தால் எடை இரு மடங்கைத் தாண்டும். அப்போது 100 கிராமில் சுமார் 17 கிராம் புரதமே இருக்கும். நல்ல உணவுதான், ஆனால் அட்டவணை காட்டும் அதிசயம் அன்று.

அப்படியானால் எது ஈடு? விடை நம் சமையலறையிலேயே இருக்கிறது. உலர்ந்த நிலையில் 25 கிராம் பாசிப்பயறு அல்லது 35 கிராம் கொண்டைக்கடலை, 6 கிராம் புரதம் தரும். சுண்டலாகக் கொடுத்தால் குழந்தைகள் விரும்பி உண்பார்கள். அரிசியில் குறைவான லைசின் பயறில் மிகுதி. பயறில் குறைவான மெத்தியோனினை அரிசி ஈடு செய்கிறது. பயறுப் புரதம் முட்டையினுடையதைப் போல முழுமையாகச் செரிப்பதில்லை. ஆதலால் சற்றுக் கூடுதலாகவே தரவேண்டும். பயறில் இல்லாத பி12 வைட்டமினுக்குப் பாலோ மோரோ துணை.

ஊறவைக்கவும் வேகவைக்கவும் ஆளும் விறகும் வேண்டுமே என்பீர்கள். உண்மைதான். அந்தச் செலவை ஏற்பதா, வேண்டாமா என்று விவாதிக்கலாம். ஆனால் பழத்தைக் கொடுத்துவிட்டு, "ஈடு செய்துவிட்டோம்" என்று கணக்கு எழுதுவது சரியாகாது.

மாணவர்களே, உங்கள் பள்ளித் தட்டில் உள்ளவற்றை ஒரு நாள் தராசில் நிறுத்து, புரதத்தைக் கூட்டிப் பாருங்கள். இருபுறமும் சமமாக இருக்கிறதா?