புலமையின் மறுபாதி

பல்கலைக்கழகக் கல்வியைப் பற்றிப் பேசப்படும் இடங்களிலெல்லாம் இரு குரல்கள் கேட்கின்றன. ‘தரம் தாழ்ந்துவிட்டது, பாடத்தைக் கடினமாக்குக, ஆராய்ச்சியைப் பெருக்குக’ என்பது ஒரு குரல். ‘மாணவனுக்கு விளங்கவில்லை, பாடத்தை எளிதாக்குக’ என்பது மற்றொரு குரல். தரமும் போதனையும் தராசின் இரு தட்டுகள், ஒன்று உயர மற்றொன்று தாழும் என்றே இரு சாராரும் கருதுகின்றனர். இக்கருத்து பொருந்துமா என்பதை ஈண்டு ஆராய்வோம்.

இஃது ஏட்டளவில் நின்றுவிடும் வினாவன்று. கம்பம் பள்ளத்தாக்கை எடுத்துக்கொள்வோம். 1895இல் கட்டி முடிக்கப்பெற்ற அணையின் வழியே பெரியாற்று நீர் இங்கு வயலுக்கு வந்தது. 1956இல் உத்தமபாளையத்தில் ஹாஜி கருத்த ராவுத்தர் ஹௌதியா கல்லூரி தோன்றியபோது உயர்கல்வி வீட்டு வாயிலுக்கு வந்தது. திராட்சைப் பந்தலில் உழைப்பவரின் மகனும், விடியுமுன் ஜீப்பேறி ஏலத்தோட்டத்திற்குச் செல்லும் தாயின் மகளும் இன்று பட்ட வகுப்பில் அமர்கின்றனர். தம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படியை மிதித்தவர்கள் அவர்களுள் பலர். தமிழ்வழியில் பள்ளிப் படிப்பை முடித்து, ஆங்கிலத்தில் பாடம் கேட்கப் புகுபவர்களும் உளர். இவர்களுக்கெனத் தரத்தைத் தாழ்த்துவது அநீதி. தரத்தை உயரத்தில் வைத்துவிட்டு ஏறும் படிகளை அமைக்காதிருப்பதும் அநீதியே.

இவ்விடர்ப்பாட்டிற்கு வழிகாட்டும் நூல்கள் இரண்டு நம்மிடம் உள்ளன. ஒன்று பவணந்தி முனிவரின் நன்னூல். மற்றொன்று அல்லாமா இப்னு கல்தூன் அவர்களின் ‘முகத்திமா’. முன்னது 13ஆம் நூற்றாண்டில் தமிழகத்தில் தோன்றியது. பின்னது 1377இல் வட ஆப்பிரிக்காவில் எழுதப்பெற்றது. ஒன்றையொன்று அறியாத இவ்விரு நூல்களும் கற்பித்தலைப் பற்றிப் பேசும்போது வியப்புறும் வண்ணம் ஒன்றுபடுகின்றன.

நன்னூலின் பொதுப்பாயிரம் ஆசிரியருக்கு முதலில் வேண்டுவதாகக் கூறுவது பலகலைப் புலமையையும் நற்பண்பையும். அதன் பின்னரே பாடஞ்சொல்லும் முறையை விளக்குகிறது. இடமும் காலமும் தெரிந்து, சொல்லப்போகும் பொருளை உள்ளத்தில் அமைத்துக்கொண்டு, விரையாமலும் வெகுளாமலும், முகமலர்ந்து, கொள்வோனின் கொள்திறன் அறிந்து, அவன் மனம் ஏற்குமாறு வழங்க வேண்டும் என்பது அதன் கருத்து. ஒரே பாடத்தை இரண்டாம் முறை கேட்டால் பிழை அகலும் என்றும், மூன்றாம் முறை கேட்டால் முறையறிந்து பிறர்க்கு உரைக்கும் ஆற்றல் வரும் என்றும் அது வகுத்துரைக்கிறது.

இப்னு கல்தூன் அவர்களும் மூன்று சுற்றுகளையே கூறுகின்றார். முதற்சுற்றில் ஒவ்வொரு பகுதியின் அடிப்படைகளை மட்டும் மாணவனின் ஆற்றலுக்கேற்பச் சொல்ல வேண்டும். இரண்டாம் சுற்றில் விளக்கங்களையும் கருத்து வேறுபாடுகளையும் சேர்க்க வேண்டும். மூன்றாம் சுற்றில் சிக்கல் ஒன்றையும் விடாது அவிழ்க்க வேண்டும். இதனை விளக்கியபின் தம் கால ஆசிரியர்களை அவர் கடிந்துரைக்கின்றார். தொடக்கத்திலேயே கடினமான சிக்கல்களை மாணவன் தலையில் ஏற்றி, அதுவே சிறந்த பயிற்சி என அவர்கள் எண்ணினராம்! மாணவனோ சோர்ந்து, அக்கலையே தனக்கு எட்டாதது என்று கைவிடுகிறான். கடினத்தையே தரம் என மயங்கும் பிழை இன்று நேற்றுத் தோன்றியதன்று என்பது இதனால் பெறப்படும்.

எனினும் இவ்விருவரும் பாடத்தை எளிதாக்கச் சொன்னவர்கள் அல்லர் என்பது கருதத்தக்கது. மூன்றாம் சுற்று உண்டென்பதை அறிந்தவரே முதற்சுற்றில் பொறுமை காட்ட முடியும். முதற்சுற்றோடு நின்றுவிடுவது கருணையன்று, வஞ்சனையேயாம். சுருக்க நூல்கள் பெருகுவது போதனைக்குக் கேடு என்றும் முகத்திமா தனி அத்தியாயமே வகுத்து எச்சரிக்கிறது. அவ்விடத்தில் அது பெயர் சுட்டும் அறிஞர்களுள் இப்னுல் ஹாஜிபும் ஒருவர். அவருடைய காஃபியாவை இன்றும் மதரஸாக்களில் ஓதிவரும் நாம், அவ்வெச்சரிக்கை நம்மையும் நோக்கியதே என்று உணர்தல் வேண்டும். இக்காலத்தில் அவ்விடத்தைக் கடைத்தெருவில் விற்கும் ‘நோட்ஸ்’ பிடித்துக்கொண்டது. மூலநூலைத் தொடாமலே பட்டம் பெறும் வழி அது. தரத்தையும் போதனையையும் ஒருசேர வீழ்த்துவதும் அதுவே.

தரமும் போதனையும் பிரிந்தது எவ்வாறு? 1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் இலண்டன் பல்கலைக்கழகத்தை முன்மாதிரியாகக் கொண்டு நிறுவப்பெற்றபோது, தேர்வு நடத்துவது பல்கலைக்கழகத்தின் கடன், கற்பிப்பது கல்லூரியின் கடன் என்ற பிரிவினை இங்கு வேரூன்றியது. 1966இல் மதுரைப் பல்கலைக்கழகம் தோன்றிய பின்னரும் இணைவுக் கல்லூரிகளுக்கு அம்முறையே நீடித்தது. பாடம் சொல்பவர் ஓரிடத்தில். வினாத்தாள் குறிப்பவர் ஏறத்தாழ நூறு கிலோமீட்டருக்கு அப்பால். மாணவனின் கண் ஆசிரியரை விட்டு முந்தைய ஆண்டுகளின் வினாத்தாளில் பதிந்தது இயல்பேயன்றோ? 1978 முதல் தமிழ்நாட்டில் சில கல்லூரிகளுக்குத் தன்னாட்சி அளிக்கப்பட்டது, இப்பிளவை ஓரளவு ஒட்டுதற்கேயாம்.

மதரஸா மரபில் ‘இஜாஸா’ என்றொரு முறை உண்டு. ஒரு கிதாபைத் தம்மிடம் ஓதி முடித்தவருக்கு, அதனைப் பிறருக்கு ஓதிக்கொடுக்கும் அனுமதியை உஸ்தாத் தம் பெயரால் வழங்குவது அது. அதில் தரமும் போதனையும் ஒருவர் கையிலேயே இருந்தன; மாணவன் பிழைபட்டால் ஆசிரியரின் பெயருக்கே இழுக்கு. இம்முறையும் குறையற்றதன்று. நேரில் ஓதாதவர்களுக்கும் சிறு குழந்தைகளுக்கும் இஜாஸா வழங்கப்பட்ட செய்திகளை வரலாற்றில் காண்கிறோம். கொடுப்பவரின் நேர்மை தளர்ந்தால் அதுவும் வெறுந்தாளே. ஆயினும் அதன் உட்கருத்து உயர்ந்தது: கற்பிக்கும் தகுதியே கற்றதன் எல்லை.

இன்றைய அளவுகோல்களை இவ்விளக்கில் நோக்குவோம். பல்கலைக்கழக மானியக் குழு 2010இல் வெளியிட்ட விதிகள், ஆசிரியரின் பதவி உயர்வைப் புள்ளிகளோடு பிணைத்தன. கட்டுரைக்கு இத்தனை, நூலுக்கு இத்தனை, கருத்தரங்கிற்கு இத்தனை என்று எண்ணத் தொடங்கியதும், பணம் பெற்றுக்கொண்டு எதையும் அச்சிடும் இதழ்கள் நாடெங்கும் முளைத்தன. அவற்றைக் களையவென 2018இல் அறிவிக்கப்பட்ட ‘கேர்’ இதழ்ப் பட்டியலும் 2025இல் கைவிடப்பட்டது. 2018ஆம் ஆண்டின் விதிகள் கல்லூரி ஆசிரியரின் மதிப்பீட்டில் கற்பித்தலுக்கு முதன்மை தந்தன, வரவேற்கத்தக்கதே. ஆனால் அதனை அளந்த முறை யாது? ஒதுக்கப்பட்ட வகுப்புகளில் நூற்றுக்கு 80க்குக் குறையாமல் எடுத்தால் ‘நன்று’. 70க்குக் குறையாவிடில் ‘நிறைவு’. வகுப்பு நடந்ததா என்பதை இவ்வளவுகோல் அறியும். பின்வரிசையில் அமர்ந்த மாணவிக்கு விளங்கியதா என்பதை அறியாது.

‘அங்ஙனமாயின் கல்லூரி ஆசிரியருக்கு ஆராய்ச்சி வேண்டாமா?’ எனச் சிலர் வினவுவர். வேண்டும். கற்பதை நிறுத்திய ஆசிரியர் தேங்கிய குட்டை. ஆனால் மெய்யான ஆராய்ச்சி நல்ல போதனையிலிருந்தே கிளைக்கிறது என்பதற்கு நம் இலக்கியத் துறையே சான்று. இலங்கைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியராயிருந்த விபுலானந்த அடிகள், ம. மு. உவைஸ் என்னும் முஸ்லிம் மாணவரை இஸ்லாமியத் தமிழ் இலக்கியத்தின்பால் ஊக்கினார். தம்முன் நிற்கும் மாணவன் யார், அவன் எதனைச் செய்யவல்லான் என்று அறிந்த ஆசிரியரின் செயல் அது. அம்மாணவர் பின்னர் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் அத்துறைக்கே பேராசிரியராய் அமர்ந்தார். பீ. மு. அஜ்மல்கான் அவர்களோடு இணைந்து அவர் ஆக்கிய ‘இஸ்லாமியத் தமிழ் இலக்கிய வரலாறு’ 1986 முதல் பல தொகுதிகளாக வெளிவந்தது. வகுப்பறை விதைத்ததை ஆராய்ச்சி அறுவடை செய்தது.

நம் பள்ளத்தாக்கிலும் அத்தகைய விதைகள் பல உள. போடிநாயக்கனூரில் நடைபெறும் ஏலக்காய் ஏலம், விலை எவ்வாறு உருவாகிறது என்பதைப் பொருளியல் மாணவனுக்குக் காட்டும். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சை தாவரவியலுக்கு ஓர் ஆய்வுக்கூடம். ராவுத்தர் குடும்பங்களின் வழக்குச் சொற்கள் மொழியியலுக்குச் சுரங்கம். தாய் தந்தையர் கையால் அறிந்ததை மகனும் மகளும் கலைச்சொல்லால் அறியும்போது பாடம் விளங்கும், தரமும் குறையாது. அவ்வினாவை மேலும் தொடரும் ஆசிரியருக்கு ஆய்வுக் கட்டுரையும் தானே அமையும். விலைக்கு அச்சிடும் இதழை நாட வேண்டுவதில்லை.

நன்னூலார் புலமையைப் பங்கிட்டுக் காட்டும் கணக்கொன்று உண்டு. ஆசிரியர் சொல்லைக் கேட்பதால் வருவது கால். உடன் கற்பாரோடு பழகுவதால் வருவது கால். பிறர்க்குச் செவ்விதின் உரைப்பதால் வருவது எஞ்சிய பாதி. ஆகவே கற்பித்தல், புலமையை அடைந்தவர் பின்னர்ச் சுமக்கும் கடன் மட்டுமன்று. புலமை நிறைவுறும் இடமே அதுதான். தரமும் போதனையும் தராசின் இரு தட்டுகள் என்னும் கருத்து இங்கே வீழ்கிறது. வகுப்பறையைத் துறந்து கட்டுரைகளைக் குவிப்பவர் பாதிப் புலவர். கற்பதைத் துறந்து பழங்குறிப்புகளை ஒப்பிப்பவரிடம் உரைப்பதற்கே ஒன்றுமில்லை. ஆசிரியரைத் தேர்பவர்களும், அவருக்கு உயர்வு வழங்குபவர்களும் இந்த மறுபாதியைக் கணக்கில் சேர்ப்பார்களாக. முதன்முதலாகக் கல்லூரிப் படியேறிய பிள்ளைகளுக்கு நாம் செலுத்த வேண்டிய கடனும் அதுவே.