ஓசூரில் செய்த பைக்குக்கு ஏன் இத்தனை வருஷம்?

பி.எம்.டபிள்யூ ஜி 310 ஆர் பைக் 2015 நவம்பரில் உலகத்துக்குக் காட்டப்பட்டது. அது உருவானது ஓசூரில், டி.வி.எஸ். தொழிற்சாலையில். வெளிநாட்டுக்காரர்கள் வாங்கி ஓட்டத் தொடங்கிய பிறகும் நமக்கு அது படம்தான். 2018 ஜூலையில்தான் இங்கே விற்பனைக்கு வந்தது, 2.99 லட்சம் விலையில்.

தாமதத்துக்கு ஒரு நியாயம் உண்டு. பி.எம்.டபிள்யூவின் பைக் பிரிவு இந்தியாவில் நேரடியாகக் கடை விரித்ததே 2017-இல்தான். ஷோரூமும் சர்வீஸும் இல்லாமல் விற்பதைவிட விற்காமலிருப்பது நேர்மை. காத்திருந்ததில் ஒரு லாபமும் இருந்தது: 2018-இல் சைடு ஸ்டாண்டு கோளாறுக்காக வெளிநாடுகளில் அந்த பைக்குகளைத் திரும்ப அழைக்க வேண்டியிருந்தது. முதலில் வாங்குபவர் படும் பாடு அது.

ஆனால் காத்திருப்பு நிறுவனத்தையும் சுட்டது. சிலிண்டர் பின்னோக்கிச் சாய்ந்து, காற்று முன்னாலும் புகை பின்னாலுமாகப் போகும் அந்த விசேஷ எஞ்சினை, டி.வி.எஸ். தன் அப்பாச்சி ஆர்.ஆர். 310-இல் வைத்து 2017 டிசம்பரிலேயே 2.05 லட்சத்துக்குக் கொண்டுவந்துவிட்டது. அதே எஞ்சினுக்கு இன்னும் ஏறத்தாழ ஒரு லட்சம் யார் கொடுப்பார்? 2020 அக்டோபரில் பி.எம்.டபிள்யூ விலையை 2.45 லட்சத்துக்கு இறக்கியது. முதலிலேயே அந்த விலையில் வந்திருக்கலாம் என்றுதான் எனக்கு இன்றும் தோன்றுகிறது.

ரசிகர்களின் எல்லாக் கோபமும் சரி என்று சொல்ல மாட்டேன். கே.டி.எம். 125 டியூக் 2011-இலேயே புனே அருகே சாக்கனில் தயாராகி ஐரோப்பா போனது. 'நம்ம ஊரில் செய்து நமக்கே தரவில்லை' என்று அன்று நானும் பொருமியவன். பிறகுதான் கணக்கு புரிந்தது. ஐரோப்பிய நாடுகள் பலவற்றில் 16 வயதுப் பையனுக்கு 125 சிசி, 15 குதிரைத்திறன் வரைதான் லைசென்ஸ். அவனுக்காகச் செய்த வண்டி அது. நமக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. 2012 ஜனவரியில் 1.17 லட்சத்தை ஒட்டிய விலையில் 200 டியூக்கே கிடைத்தது. 2018-இல் 125 இங்கே வந்தபோது அதன் விலை 1.18 லட்சம்! தராமல் விட்டதால் நமக்கு நஷ்டமில்லை.

'இறக்குமதி செய்தாவது கொடுங்கள்' என்பது அடுத்த கோரிக்கை. யமஹா ஆர்3 2023 டிசம்பரில் முழு வண்டியாக இறக்குமதியாகி வந்தது, விலை 4.65 லட்சம். 2025 பிப்ரவரியில் ஒரே அடியாக 1.10 லட்சம் குறைந்தது. முதல் வருஷம் ஆசையாக வாங்கியவரின் வயிறு எரியாதா? ஸ்பேர் பார்ட்ஸ் கதை இன்னொன்று. கோவையில் என் நண்பர் ஒருவரின் இறக்குமதி பைக் பார்க்கிங்கில் நின்ற இடத்திலேயே சரிந்தது. கிளட்ச் லீவர் மட்டும்தான் உடைந்தது. புது லீவர் வரும்வரை மூன்று மாதம் அந்த பைக் உறை போர்த்தியபடி போர்ட்டிகோவில் நின்றது.

எனக்கு ஒப்பவே ஒப்பாத உதாரணம் யமஹா எக்ஸ்.எஸ்.ஆர். 155. தாய்லாந்தில் 2019-இல் வந்த வண்டி. அதே 155 சிசி குடும்பத்து எஞ்சினோடு ஆர்15, எம்டி-15 இரண்டும் அப்போதே நம் தெருவில் ஓடிக்கொண்டிருந்தன. மெக்கானிக்குகளுக்குக் கை பழகிய எஞ்சின். வட்ட ஹெட்லைட்டும் பழைய பாணி டேங்கும் நம்மவர்களுக்கு எவ்வளவு பிடிக்கும் என்பதைத் தெருவில் ஓடும் ராயல் என்ஃபீல்டுகளை எண்ணினாலே தெரியும். இருந்தும் 2025 நவம்பரில்தான் வந்தது, 1.50 லட்சத்துக்கு. எஞ்சின் இல்லை, சர்வீஸ் இல்லை என்ற எந்தச் சமாதானமும் இங்கே எடுபடாது.

தாமதத்தைவிட மௌனம்தான் என்னை வருத்துகிறது. வராது என்றால் வராது என்று சொல்லலாம். என் அக்கா மகன் ஒரு பைக்குக்காக நாலு வருஷம் பணம் சேர்த்தான். எந்த நிறுவனம் என்பது வேண்டாம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஷோரூமுக்குப் போவான். "வரும் சார், தேதி தெரியல" என்பதே பதில். சலித்துப்போய் வேறொன்றை வாங்கினான். ஐந்தாவது மாதம் அவன் கேட்ட பைக் லாஞ்ச் ஆனது. அன்று இரவு போன் செய்தான். "மாமா, இன்னும் முப்பத்தோரு இ.எம்.ஐ. பாக்கி இருக்கு. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா பொறுத்திருப்பேனே" என்றான்.