ஓபான் ஊர்ப் பையன்

ராபர்ட் மெக்கின்டயரின் அப்பா புல் வெட்டுகிறவர். இந்த ஆட்டக்காரரைப் பற்றி யாரிடம் பேச ஆரம்பித்தாலும் எனக்கு அங்கிருந்துதான் பேச்சு வரும். ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில், தீவுகளுக்குக் கப்பல் புறப்படுகிற சின்னத் துறைமுக ஊர் ஓபான். ஊருக்குப் பின்னால் ஏறி இறங்கும் குன்றுகளில் கிளென்குரூட்டன் கோல்ஃப் மைதானம். டூகி மெக்கின்டயர் அங்கே தலைமைப் புல் பராமரிப்பாளர். வீடும் மைதானத்தை ஒட்டியேதான். 1996-ல் பிறந்த பையனுக்குப் பள்ளி விட்டு வந்து பையைப் போட்டால் எதிரே கோல்ஃப்.

அந்த மைதானத்தைப் பார்க்கவென்றே கிளாஸ்கோவிலிருந்து ரயிலேறிப் போயிருக்கிறேன். மூன்று மணி நேரப் பயணம். வழி நெடுக ஏரியும் மலையும். போய்ப் பார்த்தால் சிரிப்பு வந்துவிட்டது. இதிலிருந்தா ஒரு உலகத்தர ஆட்டக்காரர் வந்தார்? பெரிய போட்டி நடக்கும் மைதானங்களில் 18 குழிகளுக்கும் சேர்த்து பார் (குழிகளை முடிக்க நிர்ணயித்த அடிக்கணக்கு) 70 முதல் 72 வரை இருக்கும். இது எழுபதை எட்டாத குட்டி மைதானம். ஐந்து முறை பிரிட்டிஷ் ஓப்பன் (சுருக்கமாக ஓப்பன்) பட்டம் வென்ற ஜேம்ஸ் பிரெய்டு வடிவமைத்தது என்பது உண்மைதான். ஆனால் சமதரையைத் தேட வேண்டியிருக்கிறது. ஒரு கால் மேலே, ஒரு கால் கீழே நின்றுகொண்டு, கடல் காற்றில், குழியைச் சுற்றிய சின்னஞ்சிறு புல்தரையை, கிரீனை, குறிவைக்க வேண்டும். அரை மணி நேரம் நடந்த பிறகு சிரிப்பு நின்றது. இங்கே பழகிய கைக்கு எந்தக் கோணல் தரையும் புதிதாக இருக்காது. பாப்பின் (இங்கே எல்லோருக்கும் அவர் பாப்தான்) ஆட்டத்தில் நான் மயங்கிக் கிடப்பதே அதற்காகத்தான். பாடப்புத்தக அழகு அதில் கிடையாது. இடக்கைக்காரர், சிறு வயதில் ஷிண்டி ஆடியவர். வளைந்த மட்டையை வீசி ஆடும் மேட்டுநிலத்து முரட்டு விளையாட்டு அது. புதர்ப்புல்லில் பந்து சிக்கினால் மற்றவர்கள் முகம் சுளிப்பார்கள். இவர் சட்டைக் கையை மடித்துவிடுவார்.

அமெச்சூர் நாட்களிலேயே இந்தக் குணம் வெளியே தெரிந்துவிட்டது. 2015-ல் மியூர்ஃபீல்டில் ஸ்காட்டிஷ் அமெச்சூர் பட்டம். மறு வருடம் ராயல் போர்த்காலில் பிரிட்டிஷ் அமெச்சூர் இறுதி வரை போய் ஸ்காட் கிரெகரியிடம் தோல்வி. இடையில் அமெரிக்காவில் லூசியானாவின் மெக்னீஸ் மாநிலப் பல்கலைக்கழகத்துக்குப் போனவர், படிப்பை முடிக்காமலே ஊர் திரும்பிவிட்டார். 2017-ல் லாஸ் ஏஞ்சலிஸில் வாக்கர் கோப்பை. அமெரிக்க அமெச்சூர்களும் பிரிட்டன், அயர்லாந்து அமெச்சூர்களும் மோதும் போட்டி. எதிரணியில் ஸ்காட்டி ஷெஃப்லரும் காலின் மோரிகாவாவும் இருந்தார்கள் என்றால் வேறென்ன சொல்ல? 19-7 என்று நம் பக்கம் தவிடுபொடி.

அதன்பின் தொழில்முறை ஆட்டக்காரரானார். இந்த மாற்றம் எத்தனை பேரை விழுங்கியிருக்கிறது தெரியுமா? அமெச்சூர் உலகில் கோப்பை அள்ளியவர்கள், விமான டிக்கெட்டும் விடுதி வாடகையும் சொந்தப் பொறுப்பு என்றானதும் காணாமல் போவார்கள். இவரோ மத்திய கிழக்கு, வட ஆப்பிரிக்கப் போட்டிகளின் மெனா டூரில் இறங்கிய வேகத்திலேயே குவைத்தில் ஒரு பட்டத்தைத் தட்டினார். 2018-ல் ஐரோப்பாவின் இரண்டாம் நிலையான சேலஞ்ச் டூர், 2019-ல் முதல் நிலையான ஐரோப்பிய டூர். அந்த முதல் வருடத்திலேயே ஓப்பனில், போர்ட்ரஷில், ஆறாவது இடத்தைப் பகிர்ந்துகொண்டார். ஆண்டின் சிறந்த புதுமுகம் என்ற விருதும் கிடைத்தது. 2020-ல் சைப்ரஸில் முதல் ஐரோப்பிய டூர் வெற்றி. 2022-ல் ரோமுக்கு வெளியே மார்கோ சிமோனேயில், யு.எஸ். ஓப்பன் சாம்பியனாக வந்த மேட் ஃபிட்ஸ்பேட்ரிக்கைப் பிளேஆஃபில் வீழ்த்தி இத்தாலியன் ஓப்பன்.

இனி 2023. நான் முழுப் பைத்தியமானது அப்போதுதான். ஸ்காட்டிஷ் ஓப்பன், ரெனசான்ஸ் கிளப், ஞாயிற்றுக்கிழமை. நின்றால் ஆளைத் தள்ளுகிற காற்று. கடைசிக் குழியில் பாப்பின் பந்து புல்லுக்குள். எதிர்க்காற்றில் அங்கிருந்து மூன்றாம் எண் வுட் மட்டையை எடுத்தார் பாருங்கள். பந்து தாழப் பறந்து வந்து கொடிக்கு நாலடியில் நின்றது! எனக்குப் பக்கத்தில் நின்ற வயதான பெண்மணி என் கையைப் பிடித்து உலுக்கினார். பர்டி, அதாவது பாருக்கு ஒன்று குறைவு. அன்றைய சுற்று 64. ஸ்காட்லாந்துக்காரர் ஜெயித்துவிட்டார் என்று எல்லோரும் கத்திக்கொண்டிருக்க, பின்னால் வந்த ரோரி மெக்கில்ராய் கடைசி இரண்டு குழிகளிலும் பர்டி போட்டு ஒரே ஒரு ஸ்ட்ரோக்கில் கோப்பையைக் கொண்டுபோனார். ரோரி ஆடியது அற்புதம், மறுக்கவில்லை. ஆனால் அன்றிரவு என்னால் ரோரியை மன்னிக்க முடியவில்லை.

அதே ஆண்டு இலையுதிர் காலத்தில் அதே மார்கோ சிமோனேயில் ஐரோப்பாவும் அமெரிக்காவும் மோதும் ரைடர் கோப்பை. தோல்வியே காணாமல் மூன்று ஆட்டத்தில் இரண்டரைப் புள்ளி. தனி ஆட்டத்தில் அந்த வருடத்து யு.எஸ். ஓப்பன் சாம்பியன் விண்டம் கிளார்க்கையே சாய்த்தார்.

அமெரிக்க டூருக்கு அட்டை கிடைத்து ஆர்லாண்டோவில் குடியேறினார். ஒட்டவில்லை. வீட்டு நினைப்பு வாட்டுகிறது என்று ஒளிக்காமல் சொன்னார். 2024 வசந்தத்தில் சில வாரம் ஓபானுக்கே போய் இருந்துவிட்டு வந்தார். இதைப் பலவீனம் என்று எழுதியவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவே இல்லை. ஊரைத் தொட்டுவிட்டு வந்த ஒவ்வொரு முறையும் மனிதர் எப்படி ஆடினார் என்று பாருங்களேன்! பி.ஜி.ஏ. சாம்பியன்ஷிப்பில் முதல் பத்துக்குள் வந்தார். பிறகு கனடியன் ஓப்பன். பை தூக்கக் கேடி இல்லை. அப்பாவுக்குப் போன் போட்டார். டூகி கையிலிருந்த வேலையை விட்டுவிட்டு விமானம் ஏறினார். ஹாமில்டனில் நான்கு நாளும் புல் வெட்டுகிறவர் பை சுமந்தார், மகன் ஒரு ஸ்ட்ரோக்கில் ஜெயித்தார். அமெரிக்க டூரில் முதல் வெற்றி. பேட்டியில் அப்பா பேச்சு வராமல் அழுததை நான் எத்தனை தடவை போட்டுப் பார்த்தேன் என்று சொன்னால் என் மனைவி இன்னும் திட்டுவாள்.

அடுத்த மாதமே மீண்டும் ரெனசான்ஸ் கிளப், ஸ்காட்டிஷ் ஓப்பன். மூன்று குழி பாக்கி, ஆடம் ஸ்காட் இரண்டு ஸ்ட்ரோக் முன்னால். பதினாறாவது குழியில் பாப்பின் பந்து வலப்பக்கம் அடர்ந்த புல்லில் புதைந்து கிடக்கிறது. முடிந்தது கதை என்று நினைத்தேன். அடிக்க நின்று பார்த்தவருக்குக் காலடியில் உலோகச் சத்தம்! புல்லுக்கு அடியில் ஒரு தண்ணீர்த் தெளிப்பான் மறைந்திருந்திருக்கிறது. விதிப்படி அபராதமில்லாமல் பந்தை நகர்த்திப் போட அனுமதி. அதிர்ஷ்டம்தான். ஆனால் அதிர்ஷ்டம் பந்தை நகர்த்தித் தரும், கொடிக்கு ஆறடியில் கொண்டுபோய் வைக்காது. அதை வைத்தது அந்த ஷிண்டி கை. ஈகிள், பாருக்கு இரண்டு குறைவு. சமநிலை. பதினெட்டாவது கிரீனில் இருபதடிக்கும் மேற்பட்ட பட், குழிக்குள் உருட்டும் அடி. பந்து உருள உருளக் கூட்டமே அதோடு சாய்ந்தது. உள்ளே விழுந்தது! பாப் அலறிய அலறலில் தொண்டை போயிருக்கும். என் தொண்டை நிஜமாகவே போய்விட்டது. மறுநாள் அலுவலகத்தில் சைகையில்தான் பேசினேன். 1999-ல் காலின் மாண்ட்கோமரி வென்றபின் தன் நாட்டு ஓப்பனை வென்ற முதல் ஸ்காட்லாந்துக்காரர். கோப்பை நேரே ஓபானுக்குப் போனது, வேறெங்கே போகும்?

2025-ல் ஓக்மான்ட்டில் யு.எஸ். ஓப்பனைக் கிட்டத்தட்டத் தொட்டுவிட்டார். ஆட்டத்தை முடித்துவிட்டு உட்கார்ந்திருந்தவரின் கண்ணெதிரே டிவியில் ஜே.ஜே. ஸ்பான் 64 அடி பட்டைப் போட்டுப் பட்டத்தைப் பறித்தார். பாப் என்ன செய்தார்? கைதட்டினார். அந்தக் கைதட்டலுக்காகவே இவருக்கு விசிறியாக இருக்கலாம். ஆகஸ்டில் இன்னொரு போட்டியில் நான்கு ஸ்ட்ரோக் முன்னிலையோடு கடைசி நாளுக்குப் போய் அதே பழைய ஷெஃப்லரிடம் பறிகொடுத்தார். அதை நான் பேச விரும்பவில்லை. அக்டோபரில், புயலால் ஒரு நாள் ரத்தாகி மூன்று சுற்றோடு முடிந்த டன்ஹில் லிங்க்ஸ் பட்டத்தைச் செயின்ட் ஆண்ட்ரூஸ் பழைய மைதானத்தில் வென்றார்.

பால் லாரி 1999-ல் கார்னூஸ்டியில் ஓப்பன் வென்றதற்குப் பின் ஸ்காட்லாந்து ஆண்கள் யாரும் மேஜர் எனப்படும் நான்கு பெரும் பட்டங்களில் ஒன்றையும் வென்றதில்லை. 2027-ல் ஓப்பன் செயின்ட் ஆண்ட்ரூஸுக்கு வருகிறது. டிக்கெட் எப்போது விற்பனைக்கு வந்தாலும் முதல் ஆளாக நிற்கப்போகிறேன். அந்த வாரம் யார் வீட்டில் கல்யாணம் வைத்தாலும் மொய் மட்டும்தான் வரும்.